பின்கண்ணாடியோடு போன சால்வை

ரிமினி, மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

கார்க் கூரை தைக்கும் எங்கள் பட்டறைக்கு, மடக்கும் துணிக்கூரை கொண்ட கார் ஒன்று வந்தது. அதன் பிளாஸ்டிக் பின்கண்ணாடி மஞ்சளாகி விரிசல் விட்டிருந்தது. முதலாளி ஒத்தாவியோவுக்கு மணிக்கட்டு வீக்கம். அதனால் கூட்டிப் பெருக்கும் என்னை, அதற்குப் பதில் புதுப் பிளாஸ்டிக் தாளைத் தைக்கத் தையல் மெஷினில் உட்காரவைத்தார்.

"ஒரே தாள்தான் இருக்கு. ஊசி தப்பா இறங்கினா ஓட்டை ஓட்டைதான். கெடுத்தா மறுபடி துடைப்பம்தான், பொண்ணே" என்றார்.

ஒரு தையல்கூட விலகவில்லை, அம்மா.

மறுநாள் காலைக் குளிரில் காரை எடுக்க வந்த தெல்ஃபினா அம்மாள், வந்ததுமே கூரையை மடக்கக் கை வைத்தார். குளிரில் மடக்கினால் புதுத் தாள் வெடித்துவிடும். அருகில் வேறு யாருமில்லை. நான் அவர் கையையே பிடித்துவிட்டேன்.

"மடக்காதீங்க. வெயில் ஏறட்டும்."

"அட, இந்தப் பொண்ணுக்குப் பேசக்கூட வருமா?" என்று உள்ளிருந்து முதலாளி சிரித்தார். "அவ சொல்றதக் கேளுங்கம்மா. தச்சவ அவதான்."

வெயில் ஏறியதும் நானே கூரையை மடக்கினேன். தாள் உரசாமலிருக்க மடிப்புக்குள் மெத்தென்ற துணி வைக்க வேண்டும். சட்டென்று நீ பின்னிய சால்வையைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்தேன். அது காரோடு போய்விட்டது. திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

இன்று முதல் அந்த மெஷின் என்னுடையது. துடைப்பத்தை முதலாளியே எடுத்துக்கொண்டார்.

காலையில் கழுத்து குளிர்கிறது. இன்னொரு சால்வை பின்னி அனுப்பு. இந்த முறை கொஞ்சம் நீளமாக, எனக்கும் ஒரு காருக்கும் போதுமளவு.

முதலாளி கூப்பிடுகிறார், அடுத்த கூரை வந்துவிட்டது.

உன் சோரினா