மூன்றாம் ஜன்னலில் காது

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

உங்களை இங்கே அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தை, குடியேற்ற அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல் அதிகாரி போன வாரம் திருப்பித் தள்ளினார். உங்கள் படத்தில் முடி காதை மறைக்கிறதாம். "உங்க வீட்டுக்காரருக்குக் காது இருக்கா இல்லையாம்மா?" என்றார். வரிசையே சிரித்தது. அம்மா தலை குனிந்தார். நான் அந்த அதிகாரியின் முகத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்.

அம்மாவின் குடியுரிமைத் தேர்வுப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். நிராகரித்தால் எந்த விதிப்படி என்று அதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். நேற்று அதே விண்ணப்பத்தோடு அதே ஜன்னலில் போய் நின்றேன்.

"எழுதிக் கொடுங்க சார்."

"போய்ப் படிக்கிற வேலையப் பாரு பாப்பா."

"படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். பக்கம் நாற்பத்திரண்டு."

அதிகாரி தன் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். காதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வரிசை மறுபடி சிரித்தது, இந்த முறை அவரைப் பார்த்து. விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தும்போது அவருடைய காது சிவந்திருந்தது. அது எனக்குப் போதவில்லை.

இருந்த ஒரே படமும் அங்கே போய்விட்டது. என் மேஜைக்கு இன்னொன்று அனுப்புங்கள். பள்ளி மணி அடிக்கிறது. முடி மட்டும் வெட்டாதீர்கள் அப்பா. வந்த மறுநாளே உங்களை அந்த ஜன்னல் முன்னால் நிறுத்தப்போகிறேன்.

உங்கள் மகள்