மேலே பச்சைக்காய், அடியில் வெடிப்புக்காய்

மாப்ளே,

தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்து, நம் மலைக்கு உச்சியில் ஒரு மாநிலம், அடிவாரத்தில் ஒரு மாநிலம் என்றே முடிவாகிப்போன வருடம் அது. இன்று காலை பேத்தி டீக்கு ஏலக்காய் தட்டினாள். அந்த வாசனையில் அந்த வருடத்து அறுப்புப் பண்டிகை அப்படியே எழுந்து வந்துவிட்டது. எனக்குத்தான் எழுத்து தெரியாதே. சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

குரங்கணிக்கு மேலே உன் ஏலத் தோட்டத்தில் முதலில் எடுக்கும் காயை வருடா வருடம் வேதக்கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பாய். அந்த வருடம் உன் மகளைத் தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த எஸ்டேட் கங்காணி, உறுதி சொல்லும் முன் உன்னை எடைபோட, குடும்பத்தோடு முன்வரிசைப் பாயில் வந்து உட்கார்ந்திருந்தார். ஆராதனை நடத்திய உபதேசியார் உன் கூடையைத் தூக்கிக் காட்டி, "ஆபேல் கர்த்தருக்குன்னு நல்லதா எடுத்துக் குடுத்த காணிக்கை மாதிரி இருக்கு, பாருங்க" என்றார். கங்காணி தலையாட்டினார். கல்யாணம் முடிவான மாதிரிதான் என்று நினைத்தேன்.

நீ எழுந்தாய். கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லப் போகிறாய் என்றிருந்தோம். கூடையை வாங்கிப் பாயில் கவிழ்த்தாய். மேலே கொஞ்சம் கொழுத்த பச்சைக்காய். அடியில் முழுக்க வெளுத்து வெடித்த காய். வியாபாரி கண்ணுக்கு மூட்டையின் வாயில் நல்ல காயை வைப்போமே, அதே வேலை.

"கர்த்தருக்குன்னு வைக்கல. சம்பந்தி பாக்கணும்னு வச்சேன். இத்தன வருசமும் யாராச்சும் பாக்கத்தான் வச்சேன்" என்றாய்.

பின்னாலிருந்து ஒருவன், "யோவ், உக்காருய்யா. கல்யாணத்த முடிச்சுட்டு மனந்திரும்பு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"காயில மறைச்சவரு பொண்ணுல எத மறைச்சாரோ."

குடும்பத்தோடு இறங்கிப் போனார். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

வெளியே வந்து உன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா, அந்தப் புள்ளைய நெனச்சுப் பாத்தியா?"

"அதவிடக் கேவலம் ஒண்ணு இருக்கு மாப்ளே" என்றாய். "கூடையக் கவுக்கும்போதும், இவன் எம்புட்டு உண்மையான மனுசன்னு சனம் நெனைக்குதான்னு ஓரக்கண்ணால பாத்தேன்."

கூடை கவிழ்ந்ததைவிட அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. காணிக்கைப் பை என்னிடம் வரும்போது, யார் பார்க்கிறார்கள் என்று கண் தானாகத் தேடுகிறது. நீ சொன்னது காதில் விழுகிறது. கை அப்படியே நின்றுவிடுகிறது.

ஒன்றை உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். நாம் வெளியே மல்லுக்கட்டியபோது வாசல் வழியே பார்த்தேன். உள்ளே ஒரு பெண் முழங்காலிட்டு, சிதறிய காயை நல்லது கெட்டது பிரிக்காமல் முந்தானையில் அள்ளினாள். கூடையில் போட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உபதேசியார் போய்விட்டார். கங்காணியும் போய்விட்டார். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அன்று அந்தக் கோயிலுக்குள் இருந்தவர்களில் என்னைத் தவிர இன்று உயிரோடிருப்பது அவள் ஒருத்திதான். உன் மகள் எஸ்தர்.