இடது முன்சக்கரத்துச் சத்தம்

அத்தை,

இன்று காலை ஒரு வான் வண்டியின் ஹீட்டர் குழாயைக் கழற்றினேன். நீர்கொழும்புப் பக்கம் ஓடிய வண்டி. அங்கே யாரோ, இந்த வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று குழாயை மடக்கி எஞ்சினோடேயே சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கிளிப்பைத் தளர்த்தியதும் எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் கொஞ்சம் லேசான சூட்டோடு கையில் வழிந்தது. தீய்ந்துபோன சர்க்கரைப் பாகு போல ஒரு தித்திப்பு வாடை அடிக்கும் அதற்கு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கராஜ் வாசலில் போய் நின்றேன். பண்டாரவளை முழுக்கப் பனிமூட்டம். எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை.

"என்ன பாஸ், பெரிய வேலையா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"இல்லைங்க, சின்ன வேலைதான்" என்றேன். மாமியார் நினைப்பு வந்துவிட்டது என்று எந்த மருமகனாவது வெளியே சொல்வானா? சொன்னால் சிரிப்பார்கள்.

நீங்கள் உயிரோடு இருந்தபோதே நமக்குள் பேச்சு இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதைதான். நான் சொந்தத்துக்கு வெளியே இருந்து வந்து பெண் எடுத்தவன். நான் வீட்டுக்குள் கால் வைத்தால் நீங்கள் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவீர்கள். பக்கத்திலேயே நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், நீங்கள் மகளிடம், "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தவான்னு கேளு" என்பீர்கள். நானும் அவளிடமே, "போதும்னு சொல்லு" என்பேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று கத்துவாள். அப்படியும் நாம் திருந்தவில்லை. பூனாகலைத் தோட்டத்தில் உங்கள் வயதுக்காரிகள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். மருமகன் முன்னால் மாமியார் குரல் கேட்டால் லயத்து வீடுகள் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

பிறகு உங்கள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் இரண்டு முறை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டொக்டர். உங்கள் மகளுக்குத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்க்கிற வேலை. அவள் வராவிட்டால் அத்தனை தாய்மாரும் கொழுந்து எடுக்கப் போக முடியாது. எனவே என் பழைய வான் வண்டியும் நானும்தான் மிஞ்சினோம். ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேரை ஒரே வண்டியில் ஏற்றி, பூனாகலையிலிருந்து பதுளை வரை போய் வா என்று விதி அனுப்பி வைத்தது. நீங்கள் பின்சீட்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டீர்கள். எனக்கோ தொண்டையைச் செருமக்கூடக் கூச்சம்.

நீங்கள் முதன்முதலில் வாயைத் திறந்தது தோட்டத்துப் பாதையில்தான். என்னைப் பார்க்காமல், வெளியே தேயிலையைப் பார்த்தபடி, "வண்டி ரொம்ப ஒதறுது" என்றீர்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வண்டியைப் பற்றிக் கேட்டால் நான் யாருக்கும் பதில் சொல்வேனே. மரக்கறி மூட்டை ஏற்றுவதற்காகப் பழைய சொந்தக்காரர் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார். மூட்டைக்கு ஏற்ற ஸ்பிரிங், மனுஷரைத் தூக்கிப் போடும். அந்தப் பட்டையை எடுத்தேன், குலுக்கலைத் தாங்குகிற ஷொக் நான்கையும் மாற்றினேன். அடுத்த பயணத்தில் ஹாலிஎல தாண்டியபோது பின்னாலிருந்து, "இப்பப் பரவால்ல" என்று கேட்டது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பயணம்தான் கொடுமை. மெஷினை விட்டு இறங்கினால் உங்களுக்கு நடுக்கம் பிடித்துக்கொள்ளும். பண்டாரவளை தாண்டினால் பனிமூட்டம், நாம் விடுகிற மூச்சிலேயே முன்கண்ணாடி உள்பக்கம் வெளுத்துப்போகும். பாதை தெரிய வேண்டுமென்றால் ஏசி போட வேண்டும். இந்தக் குளிரில் ஏசி போடுகிறவன் பைத்தியக்காரன் என்பார்கள் ஊரில். ஏசி குளிர வைக்கிறதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துவிடும், கண்ணாடி தெளிந்துவிடும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஆனால் அதைப் போட்டதும் பின்னால் உங்கள் பற்கள் அடித்துக்கொள்கிற ஓசை எனக்குக் கேட்கும். அணைத்தால் பாதை மறையும். நீங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடப்பீர்களே தவிர, குளிருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்து, பனியையும் பாதையையும் அதைப் போட்ட வெள்ளைக்காரனையும் திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

அப்போதுதான் நம் வண்டியின் ஹீட்டர் குழாயும் மடக்கிக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். திறந்தால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் ஓட்டை. பதுளையில் ஏசி வேலை செய்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவேன், எங்கேயோ அலைந்து, கழித்துப்போட்ட வண்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினோம். அதற்குப் பிறகு ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் சூடு கொடுக்கும், கண்ணாடியும் தெளியும். சூட்டுக்காற்று முன்பக்கம் மட்டுமே வரும் என்பதால் நீங்கள் முன்சீட்டுக்கு வர வேண்டியிருந்தது. மருமகன் பக்கத்தில் உட்காருவதா என்று நெடுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். குளிர்தான் உங்களை உட்கார வைத்தது. இரண்டு கையையும் காற்று வருகிற வாயில் வைத்துக்கொண்டு, "அடுப்புக்கிட்ட குந்தியிருக்க மாதிரி இருக்கு மாப்புள" என்றீர்கள். என்னை நேராகக் கூப்பிட்ட முதல் தடவை அது. தோட்டம் வந்து சேரும் வரை வாயைத் திறந்தபடி தூங்கினீர்கள். அன்றைக்கு நான் எவ்வளவு மெதுவாக ஓட்டினேன் தெரியுமா, அத்தை? பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன்கூடத் திட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

"இடது பக்கம் என்னமோ தட்டுது மாப்புள" என்றீர்கள் ஒரு நாள். அந்த மாதிரி வான் வண்டியில் முன்சீட்டுக்காரர் சக்கரத்தின் மேலேயேதான் உட்காருகிறார், உங்களுக்குக் கேட்காமல் யாருக்குக் கேட்கும்? அன்றே பார்த்தேன். ஸ்டீயரிங் பக்கத்து மூட்டு, ரெக் எண்ட், கொஞ்சம் ஆடியது, மாற்றினேன். "இன்னும் தட்டுது" என்றீர்கள். சக்கரத்து மூட்டான போல் ஜொயின்டை மாற்றினேன். "அப்பிடியேதான் இருக்கு." ரப்பர் புஷ்களை மாற்றினேன். "வண்டிய ரெண்டு நாளு போட்டு நல்லாப் பாருங்களேன்" என்றீர்கள். நான் விடுவேனா? மறுநாளே சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கையும் மாற்றிப் பூட்டி, அடுத்த முறைக்கு வண்டியைத் தயாராக நிறுத்திவிட்டேன். உங்கள் மகள், "ஊர் வண்டியெல்லாம் சரி பண்றீங்க, சொந்த வண்டியில ஒரு சத்தத்தக் கண்டுபிடிக்க முடியலையா?" என்று கிண்டல் செய்தாள். சுருக்கென்றிருந்தது. அப்புத்தளையிலிருந்து லுணுகலை வரைக்கும் முன்பக்கத்தில் சத்தம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். எனக்கே இப்படியா என்று ஆத்திரம்.

கடைசியில் ஒரு பயணத்தில் நானாவை வரவழைத்து, உங்களுக்குப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு அவர், "தம்பி, வண்டி பால் மாதிரிப் போகுது. சத்தமும் இல்ல, ஒண்ணுமில்ல. ஒங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

சத்தம் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எப்போது வருகிறது என்றுதான். பிரேக் பிடிக்கும்போதா, வளைவிலா, பள்ளத்தில் இறங்கும்போதா என்று குடைவேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான், உங்களிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை. அன்று நீங்கள் மெஷினில் இருந்த நேரம் முழுக்க ஆஸ்பத்திரி மதிலோரம் வண்டிக்குள் உட்கார்ந்து யோசித்தேன். சத்தம் எப்போதும் போகும்போதுதான். திரும்பி வரும்போது ஒரு தடவைகூட நீங்கள் சொன்னதில்லை. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளையில் கல்யாண வீட்டுக்குப் போனோம். அதே வண்டி, அதே குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதை. அன்றைக்கும் சத்தம் இல்லை. பதுளைக்குப் போகும்போது மட்டும் தட்டுகிற சக்கரம் உலகத்திலேயே கிடையாது.

அடுத்த முறை போகையில், தெமோதரைக்குப் பக்கத்தில் பாதையோரம் வண்டியை நிறுத்தினேன்.

"அத்தை, வண்டியில சத்தம் இல்லதானே?"

நீங்கள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். "இல்ல மாப்புள" என்றீர்கள். "வண்டி கெட்டுப்போச்சுன்னா ஒரு வாட்டியாவது போகாம இருக்கலாம்னு பாத்தேன். நீங்க மறுநாளே சரி பண்ணிப்புடுறீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"எனக்குப் போதும் மாப்புள. ஊசி குத்திக் குத்திக் கையில எடமே இல்ல. போயிட்டு வந்தா ஒரு நாளு பூரா கெடக்குறேன். எந்திரிச்சு ஒரு வா சோறு திங்கிறதுக்குள்ள மறுபடி கெளம்பணும். நீங்க எம்புட்டுச் செஞ்சிருக்கீங்க, ஒங்க மூஞ்சியப் பாத்து வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

"ஒங்க மககிட்டச் சொல்லியிருக்கலாமே அத்தை."

"அவ தாங்க மாட்டா. அவளுக்கு நான் ஒருத்திதான். ஒங்ககிட்டச் சொன்னதோட இருக்கட்டும். அவகிட்டச் சொல்லிறாதீங்க."

வண்டியைத் திருப்பவா என்று கேட்டேன். சத்தியமாகத் திருப்பியிருப்பேன். கை கியரில்தான் இருந்தது. கீழே பள்ளத்தாக்கில் ரயில் பாதையைப் பார்த்தீர்கள். பிறகு, "திருப்பிட்டு அவகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?" என்றீர்கள். கையைக் கியரிலிருந்து எடுத்தேன். "ஓட்டுங்க மாப்புள, போவோம்."

ஓட்டினேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த இடம் வந்ததும், "சத்தம் இருக்கா அத்தை?" என்று கேட்பேன். "இருக்கு மாப்புள" என்பீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ஸ்பேனரால் இடது சக்கரத்தைச் சும்மா இரண்டு தட்டுத் தட்டுவேன். நீங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவீர்கள். எந்த மலையில் கொழுந்து எடுக்கும்போது பிரசவ வலி வந்தது, மாமா உங்களைப் பெண் பார்க்க வந்து எப்படி வழுக்கி விழுந்தார் என்று எல்லாம் சொன்னீர்கள். இத்தனை பேச்சை எங்கே வைத்திருந்தீர்கள்? ஆஸ்பத்திரியில் நர்ஸ், "ஏன் லேட்?" என்று கேட்டால், "வண்டி ரிப்பேர்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்வீர்கள்.

வண்டி நாளுக்கு நாள் மெதுவாகப் போனது, நீங்கள் நாளுக்கு நாள் தேய்ந்துபோனீர்கள். கடைசி நாட்களில் போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள் வழக்கம்போலக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கு இல்ல மாப்புள, போயிருங்க" என்றீர்கள். நாங்கள் கை வைக்காமல் ஒரு சத்தம் தானாக நின்றால் என் தொழிலில் பயப்படுவோம். அது சரியாகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. அன்று அந்த இடத்தில் நிறுத்தாமல் ஓட்டினேன். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் உங்கள் மகள் ஒன்றைத்தான் சொன்னாள். இன்னும் சொல்கிறாள். "ஒரு தடவகூட வேணாம்னு சொல்லல எங்கம்மா. பொழைக்கணும்னு அம்புட்டு ஆச. கடைசி வரைக்கும் தானா எந்திரிச்சு வண்டியில ஏறுச்சு." அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் தெளிகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள். நான் பக்கத்தில் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

போன வாரம் பதுளைக்கு ஏதோ வாங்கப் போனோம். அவள் முன்சீட்டில். திடீரென்று, "எங்கம்மா ஒங்ககிட்டப் பேசவே பேசாதே. இம்புட்டுத் தூரம் ரெண்டு பேரும் என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"வண்டியப் பத்திப் பேசுவோம்" என்றேன்.

"எங்கம்மாவா! வண்டியப் பத்தியா!" என்று சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. வண்டியை ஓரங்கட்டி, அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அம்மா இருந்திருக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் போயிட்டு வந்திருக்கலாம் என்று அழுதாள். எனக்கு நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது, அவளிடம் சொல்லாதீர்கள் என்ற அந்த ஒன்றுதான். அதைக் காப்பாற்றுவேன், பயப்படாதீர்கள். ஆனால் கனமாக இருக்கிறது அத்தை. உங்களை நினைத்து அழ அவளுக்கு என் தோள் இருக்கிறது. போதும் என்று நீங்கள் சொன்னதை நினைத்து அழ, எனக்கு இந்த வீட்டில் இடமில்லை. அதைப் பேச உங்களை விட்டால் வேறு ஆளும் இல்லை.