கொட்டாவி வழக்கில் முத்துக்குளிப்பாரை மீட்ட தூது

நலம் பெருகுக. சங்கு முழங்குக.

அலை ஓய்ந்தாலும் ஆணை ஓயாதவரும், ஏழரைத் தீவு கொண்டவரும், அவற்றுள் அரைத் தீவு கடல் வற்றிய வேளையில் மட்டுமே தலைகாட்டுமாயினும் அதற்கும் தனிக்கொடி நாட்டியவரும், பகைவர் கனவிலும் கேளாமலே புகுபவருமாகிய வெண்துறை நாட்டு மன்னர் பெருமான் வெண்சங்கக்கோ அவர்களின் திருவடிக்கு, உறங்காப்பட்டினத்துத் தூதராக நியமனம் பெற்ற புன்னைவாயில் கோடனார் எழுதுவிக்கும் ஓலை. அரண்மனையும், அந்தப்புரமும், யானைக் கொட்டிலும், அங்கே வயிற்றுவலியோடு நிற்கும் பட்டத்து யானையும் நலமே எனத் தூதர் நம்புகிறார்.

கடல் சாட்சியாக, கதிர் சாட்சியாக, தம் வாயில் எஞ்சியிருக்கும் பற்கள் சாட்சியாகத் தூதர் சத்தியம் செய்வது யாதெனில், இவ்வோலையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்று பொய்யானாலும் அப்பற்கள் இன்றே உதிர்க. மன்னர்முன் தன்னை முன்னிறுத்திப் பேசுதல் மரியாதை அன்று ஆதலால் தூதர் தம்மைத் தூதர் என்றே இங்குக் குறிக்கிறார்.

மன்னர் அறிந்ததே. நம் முத்துக்குளிப்பாரின் தோணியைப் புயல் எல்லை கடத்தித் தள்ளிவிட, உறங்காப்பட்டினத்துத் துறைத்தலைவன் விடங்கசேனன் அவர்களைப் பிடித்துத் துறைக் கொட்டடியில் அடைத்தான். தன் கப்பல்களின் அடியில் ஒட்டிய சிப்பியை வாழ்நாள் முழுதும் சுரண்டிக் கிடக்கட்டும் என்று சொல்லியனுப்பினான். அது கேட்ட மன்னர் தூதரை அழைத்து, அவர்களோடு திரும்பினால் சரி, இல்லையேல் தூதுக்கோலை வைத்துவிட்டு அரண்மனைக் கிளிகளுக்குப் பேச்சுப் பழக்கப் போகலாம் என்று அருளினார். அக்கிளிகளைத் தூதர் அறிவார். அவற்றுள் பச்சையாய்ப் பேசுவது ஒன்று முன்னமே தூதரின் காதைக் கடித்திருக்கிறது. முத்துக்குளிப்பாரின் பெண்டிரோ கரையில் நின்று தூதரைப் பார்த்த பார்வை கிளியினும் கூரியது.

இனி நகரம். ஆகா, மன்னவா, அந்நகரத்தை எப்படிச் சொல்வது! அதன் மதில் எவ்வளவு உயரமென்றால், அதைக் கடக்கப் பறக்கும் புறாக்கள் பாதியில் களைத்து மாடத்தில் தங்கி, அங்கேயே முட்டையிட்டு, பொரிந்த குஞ்சுகள்தாம் மறுபுறம் போய்ச் சேர்கின்றன. ஊருக்குள் மரம் என்று பெயருக்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே பருத்த மனிதர்கள் கடைவீதியில் நின்று தம் நிழலை வாடகைக்கு விடுகிறார்கள். உச்சிவேளையில் நிழல் சுருங்குவதால் விலை ஏறுகிறது. தூதரின் நிழலைப் பார்த்த ஒரு வணிகன், பெரியவரே, இதில் ஒரு நாய்கூடப் படுக்காதே என்று வருந்தினான். தூதர் ஒரு பிடி மிளகு கொடுத்து, ஊரிலேயே பெரிய தொந்தியின் நிழலில் அமர்ந்து மோர் குடித்தார். மோர் சாதாரணம். நிழல் அருமை.

நிழல் தருவோர் தவிர அங்கே எவரும் நிற்பதில்லை. உண்பவர் நடந்துகொண்டே உண்கிறார். வைத்தியர் ஓடிக்கொண்டே நாடி பிடிக்கிறார். தூதரின் மீசையில் வலப்பாதி பொற்கொல்லர் தெருவிலும் இடப்பாதி எண்ணெய்க்காரர் தெருவிலும் திருத்தப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஒரு கல்யாண ஊர்வலத்தைத் தூதர் அரைமீசையோடு கடக்க நேர்ந்ததில் மணமகள் சிரித்துவிட்டாள். நல்ல சகுனம் என்று அவர்கள் வெற்றிலை கொடுத்தார்கள்.

இத்தனை பரபரப்பில் எப்போது உறங்குவீர்கள் என்று தூதர் வினவினார். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்றனர். மன்னர் நம்பவேண்டும்: அந்நகரில் துயில்தெரு என்று ஒரு தெரு உண்டு. கூலிக்கு உறங்குவோர் அங்கே வரிசையாய்ப் படுத்து ஊராருக்காக உறங்கித் தருகிறார்கள். துணிவணிகர் ஒருவருக்காக உறங்கியவன் கனவில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அத்தெருவைக் கண்டதும் தூதருக்குப் பிறவிப்பயன் கைகூடியது போலிருந்தது. அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்க நாவெழுந்தது. மன்னரின் உப்பை நினைத்து அடக்கிக்கொண்டார்.

உறக்கத்தை வெளியே விட்டுவிட்ட ஊராதலால் அங்கே கொட்டாவி என்பது பெருங்குற்றம். குற்றம் மட்டுமன்று, அதுவே அவர்களுக்கு நீதி. வாதியையும் பிரதிவாதியையும் எதிரெதிரே அமர்த்திவிடுவார்கள். பேசலாம், பேசாதிருக்கலாம். எவன் முதலில் கொட்டாவி விடுகிறானோ அவன் பக்கம் பொய். வழக்கு முடிந்தது. சிறைப்பட்டவர் தாமே அமர்தல் கூடாது. அவர்களுக்காக அவர்கள் நாட்டு முதியவர் ஒருவர்தாம் அமரவேண்டும்.

இதைக் கொட்டடிக் கம்பிக்கு வெளியே நின்று தூதர் எடுத்துரைத்தபோது, முத்துக்குளிப்பாரின் தலைவன் வலம்புரியான் தலையில் கைவைத்துக்கொண்டு, “அட பெரியவரே, எங்கள மீக்க ராசா உங்களையா அனுப்பிச்சாரு? கடலுக்கடியில மூச்ச அடக்குறவனெல்லாம் உள்ள கெடக்கோம். படியேறுனாலே கண்ண மூடுற ஆளு, நீங்களா கொட்டாவிய அடக்கப் போறீக?” என்றான். உள்ளேயிருந்து இன்னொருவன், “விடு அண்ணே, சிப்பி சொரண்டுற கத்திக்கு இப்பவே சாணை புடிப்போம்” என்றான். அவர்கள் சிரித்தார்கள், ஆனால் ஒருவன்கூடத் தூதரின் முகத்தைப் பார்க்கவில்லை. அதைக் கண்டபின் தூதருக்குக் கிளிகளின் நினைவு போய்விட்டது.

தமக்காக உறங்க ஆளமர்த்தி, தெளிந்த கண்ணோடு சபை ஏறலாம் என்று தூதர் துயில்தெருவுக்கு விரைந்தார். அத்தெருவின் தலைவி கையை விரித்தாள். “பிந்திட்டீரே தாத்தா! இருந்த தூக்கத்தையெல்லாம் விடியுமுன்னே துறைத்தலைவரு அள்ளிட்டுப் போயிட்டாரு. அரைக்கண்ணு அசதி கொஞ்சம் கெடக்கு. அதுவும் நேத்தையது. வேணுமா?” என்றாள். நேற்றைய அசதியை வைத்துத் தூதர் என் செய்வார்! வெறுங்கையோடு சபைக்குப் போனார்.

விடங்கசேனன் பத்துப் பேரின் உறக்கத்தை வாங்கிய முகமலர்ச்சியோடு எதிரே அமர்ந்திருந்தான். அத்தோடு விட்டானா! தூதருக்கு மரியாதை என்று சொல்லி இலவம்பஞ்சு மெத்தை விரித்தான். நெய்ச்சோறும் எருமைத் தயிரும் ஊட்டினான். இரண்டு பெண்களை அமர்த்தித் தாலாட்டுப் பாடச் செய்தான். மயிற்பீலி விசிறி வேறு. தூதரின் தாடை தானே இறங்கத் தொடங்கியது. ஒரு மிளகைக் கடித்தார். அது பல் இல்லாத பக்கம் போய்விட்டது. தொடையைக் கிள்ளினார், தொடை உறங்கியிருந்தது. சாளரத்தின் வழியே, எதிரிலிருந்த கொட்டடிக் கம்பிக்குப் பின்னால் வலம்புரியான் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது, தூதருக்காகத் தான் அடக்குவதுபோல. இன்னும் ஒரு தாலாட்டு வந்திருந்தால் வழக்கு போயிருக்கும், மன்னவா.

அப்போதுதான் தூதருக்கு ஒன்று தோன்றியது. எழுந்து நின்று, வழக்குரைக்குமுன் எம் மன்னரின் மெய்க்கீர்த்தியை முழுமையாய் ஓதுதல் எம் நாட்டு மரபு, அனுமதி வேண்டும் என்றார். நீதித்தலைவர் தலையசைத்தார். பாவம், அவர் அறியார். தூதர் தொடங்கினார். மன்னர் கொண்ட தீவுகள், அத்தீவுகளின் பனைகள், மன்னரின் பாட்டனார் வென்ற போர்கள், அப்போர்களில் நடந்த யானைகள், அந்த யானைகளின் தாய்வழி. பாட்டனாரின் மூன்றாம் பட்டத்துக்கு வந்தபோது தாலாட்டுப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிட்டனர். யானையின் அம்மான் வந்தபோது விடங்கசேனனின் கண்ணில் நீர் கோத்தது. மூக்கு விடைத்தது. உதட்டைப் பல்லால் கவ்வினான். கொடியின் நிறம் ஏன் வெண்மை என்பதற்கான நாலு காரணங்களில் இரண்டாவதில், அம்மம்மா, வாய் திறந்தது பாருங்கள், குகை திறந்ததுபோல!

ஒருவன் விட்டால் நிற்குமா? நீதித்தலைவர் விட்டார். காவலர் விட்டனர். வாயிலில் நின்ற யானை தும்பிக்கையைத் தூக்கி விட்டது. தெருத்தெருவாய்ப் பரவி, தலைமுறையாய் அடக்கி வைத்த கொட்டாவி எல்லாம் ஒரே மூச்சில் புறப்பட்டது. கொட்டடிக் காவலன் சாவியைக் கையில் நீட்டியபடியே உறங்கிப்போனான். வலம்புரியான் ஓடிவந்து தூதரைத் தோளில் தூக்கிக்கொண்டு, “கெழவரே, ராசா பேர இன்னொரு தரம் சொல்லிராதீக, எனக்கும் வருது!” என்று கூவினான். அந்த நகரத்தின் கொட்டாவிக் காற்றிலே நம் கப்பல் பாய் புடைத்து, போன நேரத்தில் பாதியில் திரும்பியது.

கேட்டோர் உறங்கியது சலிப்பினால் அன்று, மன்னர் புகழால் செவி நிறைந்த இன்பத்தினாலேயே என்பதையும் தூதர் மேற்படி பற்கள் சாட்சியாக உறுதி கூறுகிறார்.

இவ்வோலை கொண்டுவரும் வலம்புரியானும் கூட்டத்தாருமே இதற்குச் சான்று. எண்ணிப் பார்த்து ஏற்றருள்க. இடைவழிச் சுங்கச்சாவடியாரும் ஓடத்துறையாரும் இவர்களைத் தடுக்காதொழிக; பசித்தால் சோறிடுக. தூதுக்கோல் இருந்த கையிலேயே இருக்க, கிளிகளுக்கு வேறு ஆசிரியர் தேடப்படுக. சங்கு முத்திரை பதித்து, நூல் முறுக்கி, மெழுகிட்டோம். கடலளவு வாழ்க மன்னர்.

ஓலை எழுதுவான் சேந்தன் கைச்சான்று. இடமும் நாளும் பிழையாமல் குறித்தல் அரசாணை ஆதலால் குறிக்கப்படுவது: இடம், நம் வெண்துறைத் துறைமுகம். நாள், முத்துக்குளிப்பார் கொட்டடிக் கூரையைப் பிரித்துத் தப்பி, தாமே தோணி வலித்துக் கரை சேர்ந்த மறுநாள். தூதர் ஏறவேண்டிய கப்பலுக்கு இன்னும் பாய் தைத்து முடியவில்லை.