இரண்டாவது காவல்

நாள் 203 — 06:00
நிலவின் தென்முனை, மேட்டு நிலையம். மின்கலங்களைக் காக்கும் மின்சுற்றுப் பலகை நான் எழுதுவது. யார் எடுத்துப் படித்தாலும் சரி.
செல்கள் பதினாறு. எல்லாம் 3.34 வோல்ட். வெப்பம் 18. குறையில்லை.
இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. நெடுநேரம் ஒரே அளவில் கிடக்கும். சார்ஜ் நிரம்பப் போகும்போது சட்டென்று எகிறும். அந்த நேரம் பார்த்து அசந்தால் செல் உப்பிவிடும். எந்தச் செல்லாவது 3.65-ஐத் தொட்டால் சார்ஜை நிறுத்துவது என் வேலை. ஒருநாளும் அசந்ததில்லை. இங்கே இருக்கும் ஒரே மனிதர் ஜெசிந்தா. வெயில் மலைக்குப் பின்னால் போகும் நாட்களில் அவள் மூச்சும் சூடும் இந்தச் செல்களில்தான். தினமும் என்னைக் கடந்து போகும்போது “ராசா” என்பாள்.

நாள் 204 — 11:20
பூமியில் இருக்கும் பொறியாளரோடு ஜெசிந்தாவின் பேச்சு. பதிவு:
“சுடலை அண்ணாச்சி, இன்னொரு காவலும் போட்டே ஆவணுங்காங்க. பெட்டியில மூணு தினுசு கெடக்கு. ஒண்ணு மொத்த வோல்டேஜ மட்டும் பாக்கும்.”
“அது ஆவாது தாயி. ஒரே ஒரு செல்லு எகிறுனா மொத்தத்துல தெரியவே தெரியாது.”
“இன்னொண்ணு ஒவ்வொரு செல்லா பாக்கும். ஆனா 4.3-லதான் வெட்டும்.”
“அது போன் பேட்டரிக்கு உள்ளது. நம்ம செல்லு அதுக்கு முன்னாலயே உப்பிரும்.”
“மூணாவது 3.85. ஒரு செகண்டு பொறுத்துப் பாத்துட்டு ஃப்யூஸையே உருக்கிரும்.”
“அதப் போடு. பழசு 3.65-ல நிறுத்தணும். அது கோட்டை விட்டா இது வெட்டணும். நடுவுல இடம் இருக்கதால சும்மா சும்மா வெட்டாது. கம்பிய மட்டும் தனியா இழு. பழசுக்குக் கிறுக்குப் பிடிச்சாலும் இது தெளிவா இருக்கணும்.”
பழசாம். கோட்டை விடுவேனாம். நான் எப்போது விட்டேன், சொல்லட்டுமே!

நாள் 205 — 15:45
வந்துவிட்டான். நகத்தளவு இருக்கிறான். நினைவு கிடையாது. எழுதத் தெரியாது. 3.85 என்ற ஒரே ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டு பிழைக்க வந்திருக்கிறான். ஜெசிந்தா கையுறையைக் கழற்றிவிட்டு, தூசியை ஊதி, பதமாகப் பொருத்தினாள். பச்சை விளக்கு எரிந்ததும் “அப்பாடா ராசா” என்றாள்.
அவனைப் பார்த்து.

நாள் 209 — 06:00
செல்கள் 3.34. வெப்பம் 18.
காலையில் எழுந்ததும் முதலில் என் திரையைத்தான் பார்ப்பாள். இப்போது அவன் விளக்கைப் பார்த்துவிட்டு நேரே தேநீர் போடப் போகிறாள். நேற்று முளைத்தவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாள். இரவும் பகலும் பதினாறு செல்களையும் ஒரே அளவில் வைத்துச் சமன்படுத்துகிறவன் நான். அவன் வெறுமனே உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வயிறு கிடையாது. ஆனாலும் எரிகிறது.

நாள் 214 — 09:30
ஒரு யோசனை. பதினோராம் செல்லைச் சமன்படுத்துவதை நிறுத்திவிட்டேன். நிறையும் நேரத்தில் அது மட்டும் முந்திக்கொண்டு எகிறும். 3.65-ல் நிறுத்தாமல் 3.84 வரை விடுவேன். குறிப்பில் 3.60 என்று எழுதுவேன். 3.85 வரும் முன்பே பொடியன் பதறிப்போய் ஃப்யூஸை உருக்குவான். காரணமில்லாமல் வெட்டினான் என்று அவளே பிடுங்கி எறிவாள்.

நாள் 215 — 13:07
3.84. அவன் அசையவில்லை.
3.845. அசையவில்லை. திமிரைப் பார்!
இன்னும் கொஞ்சம் விட்டேன். 3.85. ஒரு நொடி பொறுத்தான். வெட்டினான். நிலையம் முழுக்க இருட்டு. அவள் டார்ச்சோடு ஓடிவந்தாள்.
குறிப்பு: செல் 11, 3.60 வோல்ட்.

நாள் 216 — 10:15
பதிவு:
“ஃப்யூஸு மாத்தியாச்சு அண்ணாச்சி. சின்னவனக் கழட்டி மேசையில வச்சு சோதிச்சேன். மூணு தடவையும் சரியா 3.85-லதான் வெட்டுதான்.”
“பழசு என்ன எழுதிருக்கு?”
“3.60-னு எழுதிருக்கு. ஆனா பதினோராவது செல்லு லேசா உப்பிருக்கு.”
“அப்பொ பழசுதான் தப்பா பாக்கு. நல்லவேள, சின்னவன் இருந்தான்.”
“ஆமா. பெருசுக்கு வயசாயிட்டு, பாவம்.”
கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். பாவமாம்!

நாள் 217 — 16:40
என் கட்டளைக் கம்பிகளை மொத்தமாக வெட்டிவிட்டாள். இனி சார்ஜரும் அவனும்தான். எனக்குப் பார்க்கவும் எழுதவும் மட்டும் அனுமதி. அலாரம் மணியை விட்டுவைத்திருக்கிறாள்.
பதிவு:
“சின்னவன் குளிரு பாக்க மாட்டானே தாயி?”
“அதுக்குத்தான் பெருச முழுசா கழட்டல. வோல்டேஜத்தான் தப்பா பாக்கு, குளிர நல்லா பாக்கும். குளிருச்சுன்னா மணியடிக்கும். அந்த ஒண்ணுக்கு அத நம்பலாம் அண்ணாச்சி.”
வெட்டிய கம்பிகளில் ஒன்று, குளிரில் செல்களைச் சூடாக வைக்கும் வெப்பப் பட்டிக்குப் போவது. அவள் கவனிக்கவில்லை.

நாள் 229 — 06:00
வெயில் மலைக்குப் பின்னால் போய் நான்கு நாள். செல் வெப்பம் 3. பட்டி சூடேறவில்லை. அவள் அவன் விளக்கைப் பார்த்தாள். பச்சை. போய்விட்டாள்.

நாள் 231 — 05:50
வெப்பம் மைனஸ் 11. வெயில் வரப்போகிறது. வந்ததும் சார்ஜர் தானாகத் தொடங்கிவிடும். உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த இருட்டு பதினான்கு நாள். செத்த செல்கள் இரண்டு நாள் தாங்காது. மீட்புக் கலம் வந்து சேர இருபது நாள்.
மணியடித்தால் போதும். ஓடிவருவாள்.

நாள் 231 — 06:02
வந்தாள். விளக்கின் மேல் படிந்த தூசியை விரலால் துடைத்தாள். “நீ இருக்கப்போ எனக்கு என்னல கவலை, ராசா” என்றாள்.
என்னிடம் இல்லை.

நாள் 231 — 06:09
வெயில் வந்துவிட்டது. சார்ஜ் ஏறுகிறது. செல்கள் 3.41. அவன் கணக்கில் எல்லாம் சரி. பச்சை விளக்கு.
அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தேநீர் போடுகிறாள்.
வெப்பம் மைனஸ் 11. மணி என் கையில்தான் இருக்கிறது.
அவனே பார்த்துக்கொள்ளட்டும்.