சேராத ரத்தம்

அடி அண்ணாமலை,
ஞாயிறு காலை.

திருமலை அண்ணனுக்கு கீர்த்தனா எழுதுவது.

ஊர் வாய்க்குப் பயந்து அப்பாவை விட்டு ஓடியவன் நீ. நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. போனையும் நீ எடுப்பதில்லை. அதனால் சென்னைக்கு வேலைக்குத் திரும்பும் பிரகாஷ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நிணநீர்க் கட்டியில் வந்த கேன்சர் வயிற்றுக்கும் பரவிவிட்டது. பௌர்ணமிக்கு அடுத்து வந்த காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறாள். நான் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னதை முழுதாகக் கேட்காமலே எழுந்து போனாய். இப்போது கேள். அப்பாவின் ரத்தத்தில் செல்களை நீக்கினால் மஞ்சளாக ஒரு நீர் மிஞ்சும். ஆராய்ச்சிக்காக உன் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து அதில் விட்டார்கள். நோயைக் கண்டால் பாய வேண்டியவை சும்மா கிடந்தன. டாக்டரம்மா சொன்னது அவ்வளவுதான். நீ அதை டீக்கடையில் போய்ச் சொன்னாய். சக்கரவர்த்தி பெரியப்பா கிளாஸைக் கீழே வைக்காமலே, "பெத்த புள்ள ரத்தமே சேரலன்னா இன்னாடா அர்த்தம்? உங்கம்மாவத்தான் கேக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவோடு பேசுவதைத்தான் நிறுத்தினாய்.

என் ரத்தத்தையும் கொடுத்தேன். அதுவும் அடங்கிப்போனது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பாலாஜி கொடுத்ததும் அப்படியே. அவன் நமக்கு யார்? நோய் ஏதோ ஒன்றை ரத்தத்தில் கலந்துவிடுகிறது, அதுதான் செல்களை அடக்கி வைக்கிறது என்கிறார் டாக்டரம்மா. அப்பாவின் சொந்தச் செல்களும் அதில்தான் மாட்டிக் கிடக்கின்றன. கழுவி, நோயில்லாத ஒருவரின் ரத்தநீரில் விட்டபோது உன் செல்கள் மறுபடி வேலை செய்தன. இதில் அம்மா செய்த குற்றம் என்ன?

நீ வரவில்லை, உன் அன்னதானம் வந்தது. பௌர்ணமியன்று நம் வாசலில் பந்தல். 'தந்தை சகாதேவன் நலம் பெற' என்று ஃபிளெக்ஸ், அதில் அப்பாவைவிட உன் முகம் பெரிது. சின்னக் கிருமியைக்கூட அவர் உடம்பு தாங்காது, கூட்டத்தில் விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்திப் பார்த்தேன். "பெரியவன் சோறு போடறான், வராமயா இருப்பான்? தள்ளுடி" என்று அப்பா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். கிரிவலம் வந்த சனம் இருமிக்கொண்டே அவர் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனது. பந்தல் பிரிக்கும்வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கென்று மூடி வைக்கச் சொன்ன சாம்பார் சாதத்தை அம்மா விடிந்ததும் மாட்டுக்கு வைத்தாள்.

பெரியப்பா பேசியது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அன்றைக்கே தெருக்குழாய்வரை வந்துவிட்டது. அவள் இப்போது தண்ணீர் பிடிக்கப் போவதில்லை. உன்னைப் பற்றி ஒரு சொல்லும் தப்பாகச் சொன்னதில்லை.

அண்ணாமலையார் உன்னை நல்லபடியாக வைக்கட்டும். இனி அன்னதானம் எதுவும் வேண்டாம். நீ வா. அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே வந்து, அவர் காது கேட்க, அம்மாவை ஒரு தடவை அம்மா என்று கூப்பிடு.

உன் தங்கை,
கீர்த்தனா