ரை நாற்றும் பார்லி நாற்றும்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல மாடிப்படியோடு சண்டை போடுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று ஃபோனில் கேட்க வழியில்லை, ஒரு மாதமாக நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து நடந்தது, நடத்தியவன் நானே. பயிர்களின் மரபணுத் தொகுதி, அதாவது ஒரு செல்லுக்குள் இருக்கும் மொத்த டி.என்.ஏ, எவ்வளவு பெரியது என்று அளப்பதுதான் என் வேலை, உனக்குத் தெரியும். அளவு தெரிந்த செடியின் இலையையும் தெரியாததன் இலையையும் ஒரே தட்டில் வைத்து பிளேடால் சேர்த்து நறுக்கி, சாயமேற்றி இயந்திரத்தில் விடுவோம், தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கணக்கிடுவோம். போன மாதம் ஜன்னலைத் துடைக்கத் தொட்டிகளை இறக்கியவன், திரும்ப ஏற்றும்போது பெயர்ச் சீட்டுகளை மாற்றிக் குத்திவிட்டேன். ரை என்ற தானியத்தின் நாற்றும் பார்லி நாற்றும் முதல் வாரத்தில் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். அளவு தெரிந்த ரை என்று நினைத்து, அதைவிடச் சிறிய தொகுதியுள்ள பார்லியோடு சேர்த்து அளந்ததில், புது மக்காச்சோள ரகம் ஒன்றரை மடங்கு பெரிதாக வந்துவிட்டது. எங்கள் ஆராய்ச்சியாளர், உன் வயதுப் பெண், தலைகால் புரியாமல் குதித்தாள், கூட்டத்தில் பேச உரைகூட எழுதிவிட்டாள். நாற்று வளர்ந்து இலையடியில் பார்லிக்கே உரிய, காதுபோன்ற நீண்ட மடிப்பு தெரிந்தபோதுதான் சீட்டு மாறியது எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் காலை, தப்பு என்னோடதும்மா என்று சொல்லிவிட்டேன். கண் கலங்கினாள், பிறகு, கூட்டத்துக்கு முன்னாடியே சொன்னீங்களே சார், பொழைச்சேன் என்றாள்.

இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அளந்தோம். பார்லியின் தொகுதி நெல்லுடையதைப்போலப் பன்னிரண்டு மடங்கு, ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், மிச்சத்தில் பெரும்பகுதி வந்ததே திரும்பத் திரும்ப வருவது. அளவு பெரிது என்பதால் உள்ளே சரக்கு அதிகம் என்றில்லை, இருபது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் இது. அப்படியிருந்தும், படிப்பை விட்டு பேக்கரி வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று நீ சொன்ன அன்று, அண்ணன்ல பாதிகூட நீ தேற மாட்டே என்றேன். அந்தப் பெண்ணிடம் தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள்தான் ஆனது, பெற்ற மகளிடம் ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நான் சொன்னது தப்பு சின்னு, என்னை மன்னித்துவிடு.

அடுப்பு வேலை, கையைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஃபோன் பக்கத்திலேயே இருப்பேன். பேசப் பிடிக்காவிட்டால் ஒரே ஒரு தடவை மணி அடிக்கவிட்டுக் கட் பண்ணு, எனக்கு அது போதும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா